செவ்வாய்க்கிழமை ஊசியும் அசனத்து அறிக்கையும்

எனக்கு நெஞ்செரிச்சல் தொடங்கியது ஆகஸ்ட் மாதத்துக் கடைசி வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு. அது வந்தபோது நான் நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்ததால் இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது. அன்றைய சாப்பாட்டில் இருந்த சுண்டைக்காய் வற்றல் குழம்பைப் பற்றி இரண்டு வரி எழுதி, 'நன்று' என்று முடித்தேன். அடுத்த வரிக்குப் போவதற்குள் நெஞ்சுக்குழியிலிருந்து ஒரு சூடான கோடு தொண்டைவரை ஏறியது. பின்னாலேயே புளித்த நீர் வாய்க்கு வந்தது. எதுக்களித்ததை விழுங்கிவிட்டு, 'நன்று' என்பதை அடிக்க மனமில்லாமல் அதன் பக்கத்தில் 'ஆனால்' என்று எழுதினேன்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன். பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் தேதி முத்திரை அடித்து ஓய்வு பெற்றவன். நாட்குறிப்புப் பழக்கம் அதற்கும் முந்தையது. கல்லூரி விடுதியில் எங்கள் அறையில் நான்கு பேருக்கு ஒரே மேசை. அது எனக்குக் கிடைத்ததே இல்லை. பாயில் குப்புறப் படுத்து, நெஞ்சுக்கடியில் தலையணையைக் கொடுத்து எழுதப் பழகினேன். பிறகு எனக்கென்று வீடும் மேசையும் வந்தன. ஆனால் மேசையில் மனைவியின் தையல் மெஷின் ஏறிக்கொண்டது, நான் கட்டிலிலேயே தங்கிவிட்டேன். வேலையில் இருந்தவரை இரவில் ஒரு தடவைதான் எழுதுவேன். ஓய்வுக்குப் பிறகு ஒவ்வொரு சாப்பாடு முடிந்ததும் எழுதினேன். நேரம் கழித்து எழுதினால் விவரங்கள் நழுவிவிடும் என்பது என் அனுபவம்.

இந்த நாட்குறிப்பினால் ஊருக்கு ஒரு பயனும் உண்டு. எங்கள் கிறிஸ்தவ சபையில் ஒவ்வொரு வருடமும் நவம்பர் கடைசி ஞாயிறு அசனம். கோயில் வளாகத்தில் பந்தல் போட்டு, அண்டாக்களில் கறிக்குழம்பு கொதிக்க, சபையார் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்து அது. இலை போடுவதற்கு முன்னால் அந்த வருடத்துச் சபை நடப்புகளை யாராவது எழுந்து வாசிக்க வேண்டும். பதினெட்டு வருடமாக அந்த யாராவது நான்தான். எந்த ஞாயிறு யாருக்குத் திருமணம், எந்தத் திங்கள் கோபுரத்து மணிக்குக் கயிறு மாற்றினோம், எந்த வெள்ளி மைக் செட் பழுதானது என்று எல்லாவற்றையும் தேதியோடு வாசிப்பேன். சராசரியாக இருபத்திரண்டு நிமிடம் ஆகும். பந்தலுக்குள் கறி வாசம் வந்துகொண்டிருக்கும்போது இருபத்திரண்டு நிமிடம் என்பது சிலருக்கு நீளமாகத் தோன்றலாம். தோன்றியது என்று பின்னால் தெரிந்தது.

ஒரே ஒரு வருடம் எனக்குக் காய்ச்சல். அந்த வருடம் வாசித்தவர் மம்சாபுரத்திலிருந்து மொபெட்டில் வரும் ஒரு ஓய்வு பெற்ற பி.டி. மாஸ்டர். என்னைவிட இரண்டு வயது இளையவர், நல்ல மனிதர், கணீர் என்ற குரல். விளையாட்டு மைதானத்தில் விசில் இல்லாமலே பிள்ளைகளைத் திருப்பியவர். நான்கு நிமிடத்தில் அறிக்கையை முடித்தார். 'மழைக்காலத்தில் ஒரு நாள் கோயில் ஓடுகள் மாற்றப்பட்டன' என்று ஒரு வாக்கியம் அதில் இருந்தது. மழைக்காலத்தில் ஒரு நாள். நான் போர்வைக்குள் இருந்து இதைக் கேள்விப்பட்டபோது காய்ச்சல் ஏறியது. சபையார் அவரைக் கைதட்டிப் பாராட்டினார்களாம். அந்த வருடம் சோறு சூடாக இருந்ததாம்.

நெஞ்செரிச்சலுக்கு முதலில் முறையான மருத்துவரிடம்தான் போனேன். செப்டம்பர் இரண்டாம் வாரம். அவர் குழாய் விட்டுப் பார்த்து, புண் எதுவும் இல்லை, அமிலம் மேலே வருகிறது, அவ்வளவுதான் என்றார். காலையில் வெறும் வயிற்றில் ஒரு கேப்சூல் எழுதிக் கொடுத்தார். காரம் குறைக்கச் சொன்னார், காப்பி குறைக்கச் சொன்னார், இன்னும் இரண்டொன்று சொன்னார். எல்லாவற்றையும் அன்று மதியமே சாப்பாட்டுக்குப் பிறகு நாட்குறிப்பில் வரிசையாக எழுதிவைத்தேன். எழுதும்போதும் எரிந்தது.

கேப்சூலில் எரிச்சல் கொஞ்சம் மட்டுப்பட்டதே தவிர, அமிலம் வந்து வந்து போனதில் தொண்டை கெட்டுவிட்டது. செப்டம்பர் கடைசி ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிக்கும் முறை எனக்கு வந்தது. வரிசையாகப் பெயர்கள் வரும் அதிகாரம். அப்படிப்பட்ட அதிகாரங்களை மற்றவர்கள் எனக்கென்று ஒதுக்கிவிடுவார்கள். ஏழாவது தலைமுறையில் என் குரல் உடைந்தது. எட்டாவது தலைமுறை ஆட்டுக்குட்டி கத்துவதுபோல வெளியே வந்தது. முன் வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்களை அதட்ட வேண்டிய பெரியவர்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்கள் தோள்கள் குலுங்குவது மேலிருந்து நன்றாகவே தெரிந்தது.

ஆராதனை முடிந்ததும் போதகர் என்னை ஓரமாக அழைத்தார். தொண்டைக்கு ஓய்வு கொடுக்கலாமே என்று மிகவும் அன்பாகச் சொன்னார். அசனத்துக்குள் குரல் சரியாகிவிட்டால் நானே வாசிக்கலாம், இல்லாவிட்டால் இந்த வருடம் மட்டும் பி.டி. மாஸ்டர் வாசிக்கட்டும், என் கையெழுத்துப் பிரதியையே கொடுத்துவிடலாம் என்றார். சற்றுத் தள்ளி நின்ற பி.டி. மாஸ்டர் நாங்கள் பேசுவது காதில் விழாதவர்போல மொபெட்டின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் பிரதியை அவர் கையில் கொடுத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். தேதிகளையெல்லாம் முள் எடுப்பதுபோல எடுத்துப் போட்டுவிட்டு மிச்சத்தை வாசிப்பார்.

எனக்கு எட்டு வாரம் இருந்தது.

என்னிடம் மதுரையில் நடைபாதைக் கடையொன்றில் வாங்கிய, அட்டை கிழிந்த, சீன வைத்தியம் பற்றிய புத்தகம் ஒன்று உண்டு. வாங்கிய தேதி முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறது. படித்த தேதி எழுதவில்லை, படிக்காததால். அதை இப்போது எடுத்துப் புரட்டினேன். உடம்பின் ஒவ்வொரு உறுப்புக்கும் அவர்கள் இரண்டு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். காலை ஏழிலிருந்து ஒன்பதுவரை இரைப்பையின் நேரம். ஒன்பதிலிருந்து பதினொன்றுவரை மண்ணீரல். பித்தப்பைக்கும் கல்லீரலுக்கும்கூட முறை போட்டு வேலை பிரித்திருந்தது. உறுப்புகளுக்கு நேர அட்டவணை தயாரித்த ஒரு வைத்தியத்தை நான் இத்தனை வருடம் அலமாரியில் வைத்திருந்தேனே என்று வருத்தமாக இருந்தது. அன்றே விசாரித்து, ராஜபாளையத்தில் அக்குபஞ்சர் பார்ப்பவர் ஒருவரைக் கண்டுபிடித்தேன்.

அக்டோபர் முதல் செவ்வாய், நானும் மனைவியும் பஸ்ஸில் போனோம். மனைவிக்கு இதில் நம்பிக்கை கிடையாது. ஊசி போட்டால் ஊசிக்குள் மருந்து இருக்க வேண்டும் என்பது அவள் கட்சி. பஞ்சு மூட்டைகள் அடுக்கிவைக்கும் ஒரு கிட்டங்கியின் மாடியில் இருந்தது அந்த அறை. சுவரில் மனித உடம்பின் படம். தலையிலிருந்து கால்வரை கோடுகளும் புள்ளிகளும். பக்கத்திலேயே ஏதோ மெஷினுக்கு எங்கெங்கே எண்ணெய் விட வேண்டும் என்று காட்டும் பழைய படம். இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன. வைத்தியர் நூற்பாலையில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசராக இருந்து, வாராவாரம் மதுரைக்குப் போய்ப் படித்துப் பட்டயம் வாங்கியவர். ஐம்பது வயதிருக்கும். தன்னை டாக்டர் என்று அழைக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். மருத்துவர் கொடுத்த கேப்சூலையும் நிறுத்த வேண்டாம், அது பாட்டுக்கு அது ஓடட்டும் என்றார். அந்த இரண்டிலேயே எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது.

நாக்கை நீட்டச் சொன்னார். நீட்டினேன். டார்ச் அடித்துப் பார்த்தவர் முகம் சுருங்கியது.

"வழிச்சிட்டீங்களா சார்?"

வைத்தியரிடம் வருகிறோமே என்று அன்று காலை வழக்கத்தைவிட இரண்டு தடவை கூடுதலாக வழித்திருந்தேன். அதைப் பெருமையாகவே சொன்னேன். அவர் டார்ச்சை அணைத்துவிட்டார். நாக்கின் மேல் படிந்திருப்பதைப் பார்த்துத்தான் உள்ளே இருப்பது தெரியுமாம். "ரிஜிஸ்டர்ல எழுதியிருக்க பக்கத்தை மட்டும் கிழிச்சுட்டு, அட்டையைக் கொண்டுவந்து காட்டுதீங்க" என்றார். பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் இருந்தவனிடம் இப்படி ஒரு வார்த்தை.

பிறகு இரண்டு மணிக்கட்டிலும் மும்மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார். அவர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். எங்களோடு தமிழில் பேசினாலும் எண்ணுவது மட்டும் தெலுங்கில்தான். உதட்டுக்குள் ஒகட்டி, ரெண்டு, மூடு என்று ஓடிக்கொண்டிருந்தது. மில்லில் காற்றுக் குழாய் இருக்கிறதல்லவா, காற்று ஒரு பக்கமாகத்தான் போக வேண்டும், வால்வு தளர்ந்தால் திரும்பி வரும், அதுபோல எனக்கு இரைப்பையின் சக்தி கீழே இறங்காமல் மேலே ஏறுகிறது என்று விளக்கினார். புத்தகத்தில் நான்கு பக்கம் படித்தும் விளங்காதது எனக்கு அப்போது விளங்கியது.

இடது மணிக்கட்டில் விரல் மறுபடி நின்றது.

"கல்லீரல் நாடி முறுக்கேறிக் கெடக்கு. கோவம் கல்லீரல்லதான் சார் தங்கும். தங்கி, பக்கத்துல இருக்க இரைப்பையைப் போட்டு இடிக்கும். யார் மேல கோவம்?"

"யார் மேலயும் இல்லயே."

பக்கத்து நாற்காலியில் இருந்த என் மனைவி இருமினாள். அவளுக்கு இருமல் எதுவும் கிடையாது.

அன்று நாற்காலியில் உட்காரவைத்தே முழங்காலுக்குக் கீழே இரண்டும் மணிக்கட்டுக்கு உள்பக்கம் இரண்டுமாக நான்கு மெல்லிய ஊசிகளைக் குத்தி, இருபது நிமிடம் விட்டார். எறும்பு நடப்பதுபோல இருந்ததே தவிர வலி இல்லை. கிளம்பும்போது, என்ன சாப்பிடுகிறேன், எப்போது எரிகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு வரச் சொன்னார். அவர் பாவம், எல்லாரிடமும் சொல்வதைச் சொன்னார். என்னிடம் சொல்கிறோம் என்பது அவருக்குத் தெரியாது.

நான் நாட்குறிப்பிலேயே கட்டம் போட்டேன். நேரம், பண்டம், அளவு, எத்தனை தடவை மென்றது, ஏப்பத்தின் எண்ணிக்கை, ஏப்பத்தின் சுவை, எரிச்சல் நெஞ்சிலா தொண்டையிலா, அது எவ்வளவு நேரம். புத்தகத்தின் நேர அட்டவணைப்படி அப்போது எந்த உறுப்பின் முறை என்பதற்கும் ஒரு கட்டம். முன்பு பத்து நிமிடத்தில் முடிந்த வேலை, இப்போது ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் நாற்பது நிமிடம் ஆனது. விட்டுவிடாமல் எழுதினேன்.

இரண்டாம் செவ்வாய் நாக்கை வழிக்காமல் போனேன். முந்தைய இரவிலிருந்தே வழிக்கவில்லை. மனைவி பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். வைத்தியர் டார்ச் அடித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். நாக்கு கருஞ்சிவப்பாக இருக்கிறது, ரத்தம் எங்கோ தேங்கி நிற்கிறது, இது விளையாட்டில்லை என்று கவலையோடு சொன்னார். மனைவியின் கை என் தோளுக்கு வந்தது. நான் நிதானமாக நாட்குறிப்பைத் திறந்து, காலை எட்டு பதினைந்துக்கு நேரான கட்டத்தைக் காட்டினேன். இரண்டு சப்பாத்தி, பீட்ரூட் பொரியல், இரண்டாம் முறை கேட்டு வாங்கியது. வைத்தியர் அதைப் படித்துவிட்டு, டார்ச்சை அணைத்து ஊசியை எடுத்தார்.

ஆனால் எரிச்சல் குறையவில்லை. கூடியது. மூன்றாம் செவ்வாய்க்குள் நாளுக்கு இரண்டு தடவை என்பது நான்காகிவிட்டது. குரல், வாசிப்பதை விடுங்கள், பால்காரரைக் கூப்பிடக்கூடப் போதவில்லை. வைத்தியர் என் கட்டங்களை மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துப் பார்த்தார். எதைச் சாப்பிட்டாலும் எரிகிறது. கஞ்சி குடித்தாலும் எரிகிறது. சாப்பிட்டுக் கால்மணி நேரத்துக்குள் எரிகிறது. இரண்டு வாரத்தில் இறங்க வேண்டியது ஏறுகிறதே என்று அவருக்கே குழப்பம். எனக்குப் பதில் வேறொருவர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறாரா என்று கேட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் சபைக்குள் அதற்குள் செய்தி பரவியிருந்தது. சீனாக்காரன் ஊசி குத்தியதில்தான் குரல் போனது என்று பேசிக்கொண்டார்கள். போதகர் வீட்டுக்கு வந்து, பிரதியை எப்போது எழுதி முடிப்பேன், மாஸ்டர் ஒரு தடவை ஒத்திகை பார்க்க வேண்டுமாம் என்றார். ஒத்திகை என்ற சொல் அன்று எனக்கு ஐந்தாவது எரிச்சலைக் கொண்டுவந்தது. அதையும் குறித்தேன்.

நான்காம் செவ்வாய் வைத்தியர் வேறு முடிவோடு இருந்தார். வயிற்றிலேயே, தொப்புளுக்கு மேல் நான்கு விரல் தள்ளி ஒரு ஊசி போட வேண்டும் என்றார். அதற்காக முதல் தடவையாக என்னைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்தார். சட்டையை மேலே தூக்கி, ஊசியை மெதுவாக இறக்கினார். அசையாமல் இருபது நிமிடம் கிடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, கை கழுவத் திரும்பினார்.

எனக்கு ஊசி இறங்கிய நேரத்தைக் குறிக்க வேண்டியிருந்தது. பதினொன்று பன்னிரண்டு. தலைமாட்டில் இருந்த நாட்குறிப்பைக் கைநீட்டி எடுத்தேன். பேனாவைத் திறந்தேன். பிறகு நான் யோசித்து எதையும் செய்யவில்லை. நாற்பது வருடப் பழக்கம் செய்தது. தலையணையை உருவி நெஞ்சுப் பக்கம் இழுத்துக்கொண்டு, குப்புறப் புரள ஆரம்பித்தேன்.

வைத்தியர் ஈரக் கையோடு பாய்ந்து வந்து தோளைப் பிடித்தார்.

"சார், வயித்துல ஊசி நிக்குது."

"டைம் எழுதணும்."

"எழுதுறதுக்கு எதுக்கு சார் குப்புறப் படுக்கீங்க?"

"அப்படித்தான் எழுதுவேன்."

அவர் என் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. பிறகு, தினமும் எப்போது எழுதுவேன் என்று மிகவும் மெதுவாகக் கேட்டார். சாப்பிட்டவுடனே, சுடச்சுட, இல்லாவிட்டால் விவரம் மறந்துபோகும் என்றேன். எவ்வளவு நேரம் என்றார். முன்னே பத்து நிமிடம், நீங்கள் எழுதச் சொன்ன பிறகு நாற்பது நிமிடம் என்றேன். இதைச் சொல்லி முடிக்கும்போதே எனக்கு ஏதோ உறைக்க ஆரம்பித்தது. ஆனால் அவர் அதற்குள் நாட்குறிப்பை வாங்கிப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டிருந்தார். செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் நின்றார். மருத்துவர் சொன்னவற்றை நான் வரிசையாக எழுதியிருந்த பக்கம். நான்காவது வரியில் விரல் வைத்து உரக்க வாசித்தார்: 'சாப்பிட்ட பின் இரண்டு மணி நேரத்துக்குப் படுக்கவே கூடாது.' கீழே நானே இரட்டைக் கோடு போட்டிருந்தேன்.

"இது எப்ப சார் எழுதினது?"

"அன்னைக்கு மத்தியானம். சாப்பிட்டுட்டு."

"படுத்துக்கிட்டு" என்றாள் என் மனைவி.

நான் என் தரப்பைச் சொன்னேன். படுப்பது என்றால் மல்லாந்து கண்ணை மூடுவது. நான் கண்ணைத் திறந்துகொண்டு, கையில் பேனாவோடு, வேலை செய்துகொண்டிருந்தேன். இதை யாரும் படுப்பது என்று சொல்லமாட்டார்கள். மல்லாந்து கிடந்துகொண்டு, வயிற்றில் ஒரு ஊசி நிமிர்ந்து நிற்க, இதையெல்லாம் சொல்வது அவ்வளவு எடுபடவில்லை.

வைத்தியர் ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"நான் நாலு வாரமா வால்வைச் சரிபண்ணிக்கிட்டு இருக்கேன். நீங்க மூணு வேளையும் டேங்கைக் கவுத்திப் போட்டு அது மேல ஏறிப் படுத்திருக்கீங்க."

சிரித்து முடித்ததும் அவருக்கே கொஞ்சம் வெட்கம் வந்தது. நாடி பார்த்தேன், நாக்குப் பார்த்தேன், எப்படி எழுதுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று சொன்னார். என் மனைவிதான் அவரைத் தேற்றினாள். "முப்பத்தஞ்சு வருசமாக் கூடவே இருந்து பாக்கேன், எனக்கே தோணல. நீங்க இவியள நாலு செவ்வாதானே பாத்திருக்கீய" என்றாள். பஸ்ஸில் திரும்பும்போது என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். கிருஷ்ணன்கோவிலில் யாரிடம் சொல்வது, வத்திராயிருப்பில் இருக்கும் தங்கச்சியிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் வருவதற்குள் போனிலேயே தங்கச்சியிடம் சொல்லி முடித்துவிட்டாள்.

அன்றிலிருந்து சட்டம் மாறியது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் நாட்குறிப்பு, அதுவும் உட்கார்ந்துதான். மனைவி தையல் மெஷினை ஓரமாகத் தள்ளி எனக்கு இரண்டு சாண் இடம் கொடுத்தாள். முதல் வாரம் உட்கார்ந்து எழுதியதைப் பார்த்தால் வேறு யாரோ எழுதியதுபோல இருக்கிறது. எழுத்துகள் எல்லாம் மேல்நோக்கி ஓடுகின்றன. ஊசியும் தொடர்ந்தது, கேப்சூலும் தொடர்ந்தது. ஒரு வாரத்தில் எரிச்சல் பாதியானது. நவம்பர் இரண்டாம் வாரம் முடிவதற்குள் இல்லை என்றே சொல்லலாம். குணமானது எதனால் என்று தீர்மானிக்க நான் தனியாக ஒரு கட்டம் போட முயன்றேன். வைத்தியர் கையெடுத்துக் கும்பிட்டு, கட்டம் மட்டும் வேண்டாம் என்றார். குரல் திரும்பியது. கொல்லையில் நின்று, வருடத்து நடப்புகளில் முதல் பக்கத்தைக் காக்கைகளுக்கு வாசித்துப் பார்த்தேன். கணீர் என்று இருந்தது. போதகரிடம் போய், பிரதி தயார், வாசிக்கப்போவதும் நான்தான் என்று சொன்னேன். அவர் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்றார். உற்சாகம் சற்றுக் குறைவாக இருந்ததாக எனக்குப் பட்டது.

நவம்பர் கடைசி ஞாயிறு பந்தல் நிறைந்திருந்தது. வைத்தியரையும் அழைத்திருந்தேன். மூன்றாவது வரிசையில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். அண்டாவின் மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. நான் எழுந்து வாசிக்கத் தொடங்கினேன். குரல் அப்படி ஒரு நாளும் இருந்ததில்லை. ஜனவரி நன்றாகப் போயிற்று. ஏப்ரலில் மணிக்கயிறு வந்தபோது பின்வரிசை வரை தெளிவாகக் கேட்டது என்று பிறகு சொன்னார்கள். பதினெட்டு நிமிடத்தில் நவம்பருக்கு வந்தேன்.

"நவம்பர் முதல் ஞாயிறு, மம்சாபுரத்தைச் சேர்ந்த ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியர் அவர்களின் பேத்திக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது" என்று வாசித்தேன்.

பந்தலின் ஓரத்தில் பி.டி. மாஸ்டர் எழுந்து நின்றார்.

"அண்ணாச்சி, ஒரு சின்னத் திருத்தம். முத ஞாயிறு இல்ல. ரெண்டாம் ஞாயிறு."

பதினெட்டு வருடத்தில் அப்படி ஒரு வாக்கியத்தை நான் அந்தப் பந்தலில் கேட்டதில்லை. அவர் தப்பாகத்தான் சொல்லியிருப்பார் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. முதல் ஞாயிறுதான், அன்று மழை பெய்தது என்றேன்.

"ரெண்டு ஞாயிறுமே மழ, அண்ணாச்சி. நம்ம வீட்டு விருந்துக்கு நீங்களும் வந்தீங்கல்லா. சாப்பிட்டுட்டு, உக்காரச் சொன்னா உக்காராம, படுக்கக் கூடாதுன்னு ரெண்டு மணி நேரம் வாசல்லயே நின்னீங்க. அன்னைக்குத்தான்."

பந்தல் சிரித்தது. நான் நாட்குறிப்பை எடுத்துப் பார்த்திருக்கலாம், பையில்தான் இருந்தது. ஆனால் பார்க்காமலே எனக்கு நினைவு வந்துவிட்டது. அன்று வாசலில் நின்றது, பிறகு வீட்டுக்கு வந்து இரண்டு சாண் மேசை முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தது, உட்கார்ந்தபடியே தூங்கியது. மறுநாளும் எழுதவில்லை. புது ஏற்பாட்டில் அதற்கு முந்தைய வாரத்து நிலுவையும் சேர்ந்து, புதன்கிழமை மொத்தமாக எழுதியபோது இரண்டு மழை ஞாயிறுகளும் ஒன்றாகக் கலந்துவிட்டிருந்தன. நெஞ்செரிச்சல் இருந்த நாட்களில் எனக்கு ஒரு தேதியும் தப்பியதில்லை.

பேனாவை எடுத்து, எல்லாரும் பார்க்க, 'முதல்' என்பதை அடித்து 'இரண்டாம்' என்று எழுதினேன். அந்த வாக்கியத்தை முதலிலிருந்து மறுபடி வாசித்தேன். குரலில் ஒரு பிசிறில்லை. மூன்றாவது வரிசையில் வைத்தியர் என்னைப் பார்த்துக்கொண்டே தன் வலது விலா எலும்புக்குக் கீழே விரலால் தட்டிக் காட்டினார். கல்லீரல் இருக்கும் இடம்.

சாப்பாடு நன்றாக இருந்தது. பி.டி. மாஸ்டர் வந்து எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, கறித் துண்டுகளை என் இலைக்குத் தள்ளச் சொல்லிப் பரிமாறுகிறவர்களை விரட்டினார். அதைப் பாராட்ட வேண்டும். கை கழுவும் இடத்தில் போதகர் வந்தார். குரல் மிக அருமை, இனி எந்த வருடமும் நான்தான் வாசிக்க வேண்டும், இதைச் சபையே தீர்மானமாகச் சொல்கிறது என்றார். நான் தலையாட்டினேன். துண்டில் கை துடைத்துக்கொண்டே அவர் தொடர்ந்தார்.

"ஒண்ணே ஒண்ணு. எழுதி முடிச்சதும் வாசிக்கிறதுக்கு முன்னாடி மாஸ்டர்கிட்ட ஒரு தடவை காட்டிருங்க. தேதியெல்லாம் அவர் சரிபார்த்துக் குடுத்துருவாரு."

அன்று மாலை ஐந்து முப்பத்தைந்துக்கு, சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்து, மேசைமுன் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்து நாட்குறிப்பு எழுதினேன். போதகர் சொன்ன வரிக்கு வந்தபோது நெஞ்சுக்குழியிலிருந்து ஒரு சூடான கோடு கிளம்பித் தொண்டைவரை ஏறியது. இரண்டு வாரமாக இல்லாதது. வைத்தியருக்குப் போன் செய்து, படுக்கவில்லை, குனியவில்லை, காரமும் அதிகமில்லை, ஆனாலும் எரிகிறது என்றேன். அவர் கறியின் அளவைக் கேட்கவில்லை. நாக்கின் நிறத்தையும் கேட்கவில்லை. யார் மேல் கோபம் என்று மட்டும் கேட்டார்.

இந்தத் தடவை ஒளிக்காமல் சொல்லிவிட்டேன்.